மாத்திரை நோட்டில் மூன்றாவது பெயர்

மதுரை செல்லூரிலிருந்து 48 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"மாமியாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. எல்லாம் படுக்கையில்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நான்தான் கூடப் போகிறேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா அத்தையைப் பார்த்துக்கொள்கிறார். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். நாத்தனார் திருநகரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து, 'அம்மா மெலிஞ்சுட்டாகளே, நேரத்துக்குச் சாப்பாடு குடுக்குறீகளா மதினி?' என்று கேட்டுவிட்டுப் போவார். நான் முன்பு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தையல் மிஷின் மேல் டயப்பர் பாக்கெட் அடுக்கியிருக்கிறது. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது, வாங்கப் போக நேரமில்லை. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்ட விரல் மூன்று வாரமாக ஆறவில்லை. அதை விடுங்கள். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறேன். சில ராத்திரி, இதெல்லாம் முடிந்தால் தேவலை என்று தோன்றும். அப்புறம் பயமாக இருக்கும். இரண்டு வருடமாக அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஆறு நடக்கிற தூரம்தான். இந்தச் சித்திரைக்காவது ஒரு ராத்திரி போய் வரலாமா? நோயாளிகளைப் போட்டுவிட்டு சாமி பார்க்கப் போவது பாவமா டாக்டர்?"

அன்புள்ள தங்கைக்கு,

பாவமில்லை. போய் வாருங்கள். எப்படிப் போவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், "அதை விடுங்கள்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்துக்கு வருகிறேன். என்னால் அதை விட முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் அத்தைக்கு ஒன்றரைப் பக்கம், வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம், நாத்தனாருக்கு முக்கால் பக்கம். உங்கள் உடம்புக்கு இரண்டு வரி. பிரஷர் மாத்திரை நின்று மூன்று மாதம், வெட்டுக்காயம் ஆறாமல் மூன்று வாரம். இருபது வருடத்துக்கு மேலாக மதுரையிலும் சுற்று ஊர்களிலும் படுக்கை நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற மருத்துவர் நான். சொல்கிறேன், இந்த வாரம் உங்கள் வீட்டில் டாக்டரிடம் அவசரமாகப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

பிரஷர் வலிக்காது. அதனால்தான் மாத்திரை தீர்ந்தால் நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளத் தோன்றுகிறது. உங்கள் அத்தைக்கு எதனால் பக்கவாதம் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் பார்க்கிற பக்கவாத வீடுகளில், "மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தாக, நடுவுல விட்டுட்டாக" என்ற பேச்சைக் கேட்காத மாதம் இல்லை. நீங்களும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் மூன்று கட்டில் போட வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களே கடைசியில் படுத்த வீடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்த விரலுக்கு வருகிறேன். மூன்று வாரமாக ஆறாத காயம் என்றால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். 48 வயது, பிரஷர் இருக்கிற உடம்பு. இதற்கு முன் சர்க்கரை இருந்ததில்லை என்பதை நம்பி இருக்க முடியாது. சர்க்கரை இல்லை என்று வந்தால் இன்னொரு காரணமும் இருக்கலாம். 1995-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்க்கும் 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு ஏதும் இல்லாத, ஏறக்குறைய அதே வயதுள்ள 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே மாதிரி சிறு காயம் உண்டாக்கி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. மனச்சுமை மனதோடு நிற்பதில்லை, தோல் மூடுவதைக்கூடத் தாமதமாக்குகிறது. இதை நான் படித்த நாளிலிருந்து, வீடுகளுக்குப் போனால் பார்த்துக்கொள்கிறவரின் கையையும் ஒருமுறை வாங்கிப் பார்க்கிறேன். இன்னொன்று, காயம் ஆறும்வரை டயப்பர் மாற்றும்போது கையுறை போடுங்கள். அத்தைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

"எப்போ போறது டாக்டர், நேரம் எங்கே இருக்கு" என்பீர்கள். உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் தலா நாலு மணி நேரம் இருக்கிறது. டயாலிசிஸ் ஓடுகிற நேரம். அவரை மிஷினில் சேர்த்த பிறகு நீங்கள் வெளியே வராந்தா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், அந்த வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் தினம் கடந்துதான் போகிறேன். அந்த நாலு மணி நேரமும் உங்கள் கணவரை டெக்னீஷியனும் நர்ஸும் பார்த்துக்கொள்கிறார்கள். அத்தையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். வாரம் முழுக்க உங்கள் கையில் யாரும் இல்லாத நேரம் அது ஒன்றுதான். அதை நாற்காலியில் உட்கார்ந்து கழித்துவிடுகிறீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மிஷின் ஓட ஆரம்பித்து முதல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சிலருக்கு நடுவில் பிரஷர் இறங்கும், அதனால் டெக்னீஷியனிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, "இதே ஆஸ்பத்திரியில் எனக்கு பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கிட்டு வந்திடுறேன், ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் புறநோயாளிகள் பிரிவில் சீட்டுப் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் வெளியே போய் உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள். அவசரமில்லாமல் குடியுங்கள்.

மாத்திரைக்காக மாதாமாதம் அலைய வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். அங்கேயே அத்தையைப் பற்றியும் சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரும், கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவரும் இதே திட்டத்தில் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு நாள் மிச்சமானாலும் உங்களுக்கு அது ஒரு நாள்தான்.

போன வருடம் மேலூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் இரண்டு நோயாளிகள். அந்தப் பெண்ணிடம் மருந்து விவரம் கேட்டதும் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பள்ளிக்கூட நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அண்ணன். காலை 6, காலை 8, மதியம் 1, இரவு 8 என்று மாத்திரைப் பெயர், சாப்பாட்டுக்கு முன், பின், மோஷன் போனது, போகாதது வரைக்கும் முத்து முத்தான எழுத்து. ஒரு நாள் விடாமல் எட்டு மாதம். பார்த்து எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. அடுப்பு மேடையில் ஒரு டம்ளர் டீ, மேலே ஆடை கட்டி ஆறிப்போய் இருந்தது. "யாருக்கும்மா இது?" என்றேன். "எனக்குத்தான், காலையில போட்டது." அப்போது மணி பதினொன்றரை. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். இரண்டு பேரின் வயிற்றுக்கு எட்டு மாதக் கணக்கு வைத்திருந்தவருக்குத் தன் வயிற்றுக்கு அன்றைய காலைக் கணக்குத் தெரியவில்லை. அந்த நோட்டில் நடுவில் இன்னொரு கோடு போட்டு அவருடைய பெயரை நானே எழுதிவிட்டு வந்தேன். காலை 8, சாப்பாடு. இரவு 9, படுக்கை. அவ்வளவுதான் எழுதினேன்.

உங்களிடமும் அப்படி ஒரு நோட்டோ, காலண்டர் அட்டையோ இருக்கும். அதில் மூன்றாவதாக உங்கள் பெயரை எழுதுங்கள். அத்தையின் மாத்திரை நேரம் தவறினால் எப்படிப் பதறுவீர்களோ அதே பதற்றம் உங்கள் வரிக்கும் இருக்கட்டும். "நேரம் கிடைத்தால் செய்வேன்" என்று இருந்தால் உங்கள் வீட்டில் அந்த நேரம் கிடைக்கப் போவதில்லை. எழுதி வைத்தால்தான் உண்டு.

என்ன எழுதுவது? யோகா செய்யுங்கள், தியானம் செய்யுங்கள், தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடக்க முடிகிறவர்கள் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கட்டும், நல்லதுதான். ராத்திரி நாலு தடவை எழுந்தவரிடம் போய் விடிகாலை நடையைப் பற்றிப் பேசுவது அவரைக் கேலி செய்வது போல. உங்களுக்கு முதலில் வேண்டியது சாப்பாடு, தூக்கம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குளியல்.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம். அத்தைக்கு ஊட்டுவதற்கு முன்னால் நீங்கள் சாப்பிடுங்கள். படித்ததும் சுருக்கென்றிருக்கும், தெரியும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாயும் விழுங்கி முடிந்ததா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்து, புரை ஏறினால் நிறுத்தி, முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாமல் சாய்த்து வைத்து என்று ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அதைப் பசியோடு செய்தால் கை அவசரப்படும். கை அவசரப்பட்டால் அவருக்குப் புரை ஏறும். உங்களுக்குக் கோபம் வரும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னதை நான் இந்த இடத்தில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். இரண்டு இட்லி, பத்து நிமிடம், உட்கார்ந்து. அப்புறம் அத்தையிடம் போங்கள்.

தூக்கம் இதைவிடக் கஷ்டம். உங்களை எழுப்புவது எது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சிறுநீருக்காக என்றால், அத்தை நீர் பிரியும் மாத்திரை எதுவும் மாலையில் எடுக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அதைக் காலை வேளைக்கு மாற்றலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். புண் வராமல் இருக்கத்தான் ராத்திரியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் போடுகிறீர்கள் என்றால் அது மிக நல்ல கவனிப்பு. காற்று மெத்தை போட்டிருக்கிறவர்களுக்கு ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் நீட்ட முடியும், எவ்வளவு நேரம் என்பதை வருகிற செவிலியர் அத்தையின் இடுப்பு, குதிகால் தோலைப் பார்த்துச் சொல்லட்டும். நடுவில் ஒரு எழுந்திருத்தல் குறைந்தாலும் தொடர்ச்சியாக நாலு மணி நேரம் தூங்கிவிடுவீர்கள். உடம்புக்கு அது பெரிய வித்தியாசம்.

முதுகைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வலிக்காமல் இருக்காது. அத்தையைக் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள், விழுந்துபோன பக்கத்துத் தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, அவர் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்தே வையுங்கள். மேலே நகர்த்த, பக்கவாட்டில் திருப்ப, இரண்டு பேர் இரண்டு பக்கமும் அந்தச் சேலையைச் சுருட்டிப் பிடித்து நகர்த்தினால் பாதி பலம் போதும். கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தச்சருக்கு அது அரை நாள் வேலை.

இரண்டாவது ஆள் யார் என்றுதானே கேட்கிறீர்கள். சரி, நாத்தனாருக்கு வருவோம்.

அவர் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் நியாயமானது. இரண்டு வருடம் பீயும் மூத்திரமும் அள்ளியவரிடம் வந்து "நேரத்துக்குச் சாப்பாடு குடுக்குறீகளா" என்று கேட்டால் யாருக்கும் எரியும். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர் ஏன் மாதம் ஒருமுறை மட்டும் வருகிறார், வந்தாலும் ஏன் அம்மாவைத் தொடாமல் தள்ளியே உட்கார்ந்திருக்கிறார்? நான் பார்த்தவரை, இப்படி வருகிற பெண் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு பயம். அம்மாவைத் தூக்கினால் எங்கே வலிக்குமோ, ஊட்டினால் புரை ஏறுமோ, டயப்பர் மாற்றத் தெரியாதே என்ற பயம். அந்த பயமும், மகளாக இருந்து ஒன்றும் செய்யவில்லையே என்ற உறுத்தலும் சேர்ந்து குறை சொல்கிற வார்த்தையாக வெளியே வருகிறது.

"ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: "வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து ரெண்டு மணி வரைக்கும் அத்தைகூட இருக்கீகளா? மதியச் சாப்பாடு எப்படிக் குடுக்குறதுன்னு உங்களுக்குக் காட்டித் தர்றேன்." முதல் ஞாயிறு நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாவது ஞாயிறு அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது ஞாயிறு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். எதிர்த்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் சரி, வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

இந்த மூன்றாவது ஞாயிறுதான் கஷ்டம், அவருக்கு இல்லை, உங்களுக்கு. நீங்கள் திரும்பி வரும்போது அத்தையின் சட்டைக் கழுத்தில் ரசம் சிந்தியிருக்கும். தலையணை நீங்கள் வைக்கிற மாதிரி இருக்காது. வாய் திறக்காதீர்கள். "நான் செஞ்சாத்தான் சரியா இருக்கும்" என்ற நினைப்பு, நன்றாகப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் வருகிறது. அந்த நினைப்பில் உண்மையும் இருக்கிறது, உங்கள் அளவுக்கு யாரும் செய்ய மாட்டார்கள்தான். ஆனாலும் முக்கால் பங்கு சரியாகச் செய்கிற ஒருவர் வாரம் நாலு மணி நேரம் கிடைப்பது, எல்லாம் சரியாகச் செய்து நீங்கள் ஒருவரே விழுவதைவிட அத்தைக்கே நல்லது.

மகனிடம் ஏன் எதுவும் கேட்கவில்லை? "அவன் பாவம், வேலையில இருக்கான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையில் இருப்பவர் இருக்கும் இடத்திலிருந்தே செய்கிற காரியங்கள் நிறைய உண்டு. அப்பாவின் காப்பீட்டுக் காகித வேலை, டயப்பரும் மருந்தும் மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேரும்படி பார்ப்பது, டாக்டரிடம் போனில் பேசுவது எல்லாம் அவர் பெயரில் எழுதிவிடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வந்து பாட்டி பக்கத்தில் படுக்கட்டும். ஆண்பிள்ளை எப்படிப் பாட்டிக்கு டயப்பர் மாற்றுவான் என்று தயங்காதீர்கள். திரை கட்டி, சொல்லிக்கொடுத்தால் பேரன்கள் மிக மரியாதையாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அத்தைக்குக் கூச்சம் என்றால் அந்த ராத்திரி மாற்றுவதற்கு மட்டும் உங்களை எழுப்பட்டும்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயாலிசிஸ் முடிந்த அன்று அவர் துவண்டு கிடப்பார். மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருப்பார். தெளிவான நாட்களில் அவரால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியும், இடது கையில் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கப் பழக்க முடியும், மாத்திரை நோட்டை எழுத முடியும். அவரிடம் அதைக் கொடுங்கள். மிஷினில் வாரம் இரண்டு நாள் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிற ஒருவருக்கு, வீட்டில் தன்னாலும் ஒரு காரியம் ஆகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. உங்கள் மூன்றாவது வரியை அவர் கையாலேயே எழுதட்டும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டு டிக் அடிக்கட்டும்.

இனி, நீங்கள் எழுதத் தயங்கி எழுதிய அந்த வரி. "இதெல்லாம் முடிந்தால் தேவலை." அது உங்களை எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்பது அடுத்த வரியிலேயே தெரிகிறது. என் அப்பா கடைசி ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். ஒரு விடிகாலை, மூன்றாவது முறையாகப் படுக்கையை நனைத்தபோது அவரிடம் கத்திவிட்டேன். மருத்துவம் படித்தவள், நோயாளிகளிடம் குரல் உயர்த்தாதவள், பெற்ற அப்பாவிடம் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று எனக்கும் அதே நினைப்பு வந்தது. இத்தனை வருடத்தில், நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட எத்தனையோ பேர் என்னிடம் தாழ்ந்த குரலில் அதையே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர்களில் அன்பில்லாதவர் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. உடம்பு தாங்க முடியாத அளவுக்கு அலுத்துவிட்டது என்பதைத்தான் மனம் அந்த வார்த்தையில் சொல்கிறது.

ஆனால் உங்களிடம் நேராக ஒன்று கேட்க வேண்டும். முடிய வேண்டும் என்று நினைப்பது இந்தக் கஷ்டமா, உங்கள் உயிரா? அந்த ராத்திரிகளில் உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று ஒரு நிமிடமாவது தோன்றியிருந்தால், சித்திரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த டயாலிசிஸ் நாள் வரைக்கும்கூட வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, கட்டணமில்லை, ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-க்கும் கூப்பிடலாம். நேரில் பேச வேண்டும் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரரிடமோ அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தற்கொலை நினைப்பு இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து உண்டு, அந்த மருந்து வேலை செய்கிறது.

தையல் மிஷினை நான் மறக்கவில்லை. டயப்பர் பாக்கெட்டை இன்றைக்கே கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ மாற்றிவிடுங்கள். மிஷினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஆர்டர் வாங்க வேண்டாம், தேதி சொல்லி யாருக்கும் தைக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், அத்தை சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து உங்களுக்கு ஒரு பிளவுஸ் தையுங்கள். மாதம் ஒன்று முடிந்தால் போதும். மிஷின் சத்தம் கேட்டு அத்தை என்ன செய்கிறார் என்று பாருங்கள். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தோடு இருந்தவர்தானே அவரும்.

இப்போது அழகர். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரா பௌர்ணமி என்ன கிழமை என்று பாருங்கள். டயாலிசிஸ் அன்று விழுந்தால், யூனிட்டில் சொல்லி முந்தின நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அன்றைக்குக் கோரிப்பாளையம் பக்கமெல்லாம் வண்டி நகராது என்பது செல்லூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் அதற்குள் நாலைந்து ஞாயிறு பழகியிருப்பார், அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அதாவது முந்தின நாள் ராத்திரியே வந்து தங்கச் சொல்லுங்கள். மகனையும் அந்த இரண்டு நாள் லீவு போடச் சொல்லுங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் நீங்கள் விடியற்காலையில் கவலை இல்லாமல் ஆற்றுக்குப் போகலாம். கூட்டத்தில் நெரிபட வேண்டாம் என்று தோன்றினால் மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் இருக்கிறது, அதற்கும் அடுத்த ராத்திரி தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. மூன்றில் ஒன்றாவது கிடைக்கும். போகும்போது போனைக் கையில் வைத்திருங்கள், ஆனால் நீங்களாக வீட்டுக்குக் கூப்பிட்டு, "அத்தை சாப்பிட்டாகளா" என்று கேட்காதீர்கள். ஏதாவது என்றால் அவர்கள் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன் அடுத்த டயாலிசிஸ் நாளில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, எவ்வளவு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். விரல் ஆறிவிட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.